வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவு கையில், குழந்தை பெங்களூருவில்: என்ன செய்ய வேண்டும்?

என் தம்பி கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஒரு ஜூன் மாதம் அவன் மனைவி ஐந்தரை வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஆறு வார விடுமுறைக்கு பெங்களூருவில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்கு வந்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் இருந்தது. அவர்கள் ஏறவில்லை. செப்டம்பரில் தம்பிக்கு அங்குள்ள கோர்ட்டில், குழந்தையை உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு கிடைத்தது. "அக்கா, ஆர்டர் வந்துடுச்சு, இனி கவலை இல்ல" என்று போனில் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பிலேயே ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதத்தை எங்களால் திரும்ப வாங்க முடியவில்லை.

அவனுடைய பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு இங்கே கோர்ட்டுக்கு நடந்தவள் நான். வக்கீல் இல்லை. உங்கள் வக்கீல் சொல்வதுதான் உங்கள் வழக்குக்குப் பொருந்தும். ஆனால் வக்கீலிடம் போய் உட்காரும் முன் தெரிந்திருந்தால் நல்லது என்று நான் நினைப்பதை எல்லாம் எழுதுகிறேன். இடது பக்கம் தகப்பன், வலது பக்கம் தாய் என்று பார்க்காமல் படியுங்கள். சில பெண்கள் அடிக்குப் பயந்து குழந்தையோடு ஓடி வருகிறார்கள், சில தகப்பன்மாரும் தாயிடமிருந்து குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நடைமுறை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

தீர்ப்புகளின் பெயர்களை நான் எழுதவில்லை. அவை எல்லாம் ஏதோ ஒரு குழந்தையின் அப்பா அம்மா பெயர்கள். வருடமும் நாடும் சொல்கிறேன், உங்கள் வக்கீலுக்குப் புரிந்துவிடும்.

1. உத்தரவுக்கு இங்கே என்ன மதிப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடத்தப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த நாடுகளுக்குள் குழந்தை போயிருந்தால் அரசாங்கமே விண்ணப்பத்தை வாங்கி நடத்தும். இந்தியாவுக்கு அந்த வழி கிடையாது. அங்குள்ள வக்கீல்கள் சிலருக்கே இது தெரியவில்லை. எங்களுக்கு வாய்த்தவர் ஹேக் விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொல்லி ஆறு வாரத்தைக் கடத்தினார்.

சரி, அப்படியானால் வெளிநாட்டு உத்தரவு வெறும் காகிதமா? அப்படியும் இல்லை. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இங்கிலாந்திலிருந்து டெல்லிக்கு வந்த ஒரு சிறுமியின் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். வெளிநாட்டு உத்தரவு கணக்கில் எடுக்க வேண்டிய காரணங்களில் ஒன்று, அவ்வளவே. அந்தச் சிறுமிக்கு இதய நோய் இருந்தது. திருப்பி அனுப்ப கோர்ட் மறுத்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2015-இல், இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுவரப்பட்ட இரண்டு பெண் குழந்தைகளின் வழக்கில், எந்த நாட்டுக் கோர்ட் முதலில் உருப்படியான உத்தரவு போட்டதோ அதற்கே முன்னுரிமை என்று ஒரு தீர்ப்பு வந்தது. இணையத்தில் தேடினால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். 2017 தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதை நம்பி "நாங்கதான் முதல்ல ஆர்டர் வாங்கினோம்" என்று போய் நிற்காதீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. இங்கிலாந்து, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளின் டிக்ரியை, அதாவது கோர்ட் தீர்ப்பாணையை, இந்தியாவில் நேரடியாக நிறைவேற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவைத்தான் சொல்கிறார்கள். அது பணம் கொடுக்கச் சொல்லும் டிக்ரிக்கு மட்டும். குழந்தையின் கஸ்டடிக்கு உதவாது.

2. காலண்டரைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

குழந்தை வந்த சூட்டோடு நீங்கள் கோர்ட்டுக்குப் போனால், யார் நல்ல பெற்றோர் என்ற பெரிய விசாரணைக்குள் போகாமல், சுருக்கமாகப் பார்த்துத் திருப்பி அனுப்ப உயர் நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. தாமதமானால் குழந்தை இங்கே வேர்விட்டுவிட்டதா என்ற கேள்வி வருகிறது. பள்ளி, மொழி, நண்பர்கள், தாத்தா பாட்டி எல்லாம் எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும். இத்தனை மாதம் என்று சட்டத்தில் கோடு கிடையாது. ஹேக் உடன்படிக்கையில் வரும் ஒரு வருடத்தை ஓர் அளவாக வக்கீல்கள் பேசுவார்கள், ஆனால் அது இங்கே விதி இல்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து பெங்களூருவுக்கு அழைத்து வரப்பட்ட ஒரு பையனை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொன்னது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும் அவனுடைய வளர்ப்பு முழுவதும் அங்கேதான், அமெரிக்கக் குடிமகன், தகப்பன் சும்மா இருக்கவில்லை என்பதெல்லாம் சேர்ந்து எடுபட்டது. சின்னக் குழந்தைக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் ஊரோடு ஒட்டிக்கொள்ளும்.

எனவே அங்கே உத்தரவுக்கு மனுப் போடும் அதே வாரத்தில் இங்கே வக்கீலைப் பிடியுங்கள். இறுதி உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இடையில் பேச்சுவார்த்தை நடந்தால் நடக்கட்டும், ஆனால் மனு தயாராகிக்கொண்டே இருக்க வேண்டும். "பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்" என்று சம்பந்தி வீட்டில் சொன்னதை நம்பி நாங்கள் தீபாவளி வரை இருந்தோம், அப்புறம் பொங்கல் வரை இருந்தோம்.

கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை கோடை விடுமுறை, அக்டோபரில் தசரா விடுமுறை, டிசம்பர் கடைசியில் குளிர்கால விடுமுறை. ஆட்கொணர்வு மனுவை, அதாவது ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனுவை, விடுமுறைக் கால அமர்விலும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவசரம் ஏன் என்று வக்கீல் காட்ட வேண்டும். ஏழு மாதம் சும்மா இருந்தவருக்கு அது எளிதில்லை.

3. எந்தக் கோர்ட், எந்த மனு

இரண்டு கதவுகள் உண்டு.

ஒன்று, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ஆட்கொணர்வு மனு. பெங்களூருவில் இது விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி. இரண்டு நீதிபதிகள் அமர்வு கேட்கும். சட்டத்துக்கு முரணாகக் குழந்தையை வைத்திருக்கிறார்கள் என்று காட்டினால்தான் இந்தக் கதவு திறக்கும். தாய் இயற்கைப் பாதுகாவலர், அவரிடம் குழந்தை இருப்பது எப்படிச் சட்டவிரோதம் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வெளிநாட்டு உத்தரவு முக்கியமாகப் பயன்படுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, குடும்ப நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் கீழ் மனு. சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை என்று முழு வழக்காக நடக்கும். வருடக்கணக்கில் ஆகும். அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அங்கேதான் மனுப் போட வேண்டும். நீங்களே பெங்களூருவில் இந்த மனுவைப் போட்டால், குழந்தை பெங்களூரு வாசி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் வெளிநாட்டு உத்தரவு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதல் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

எதிர்த்தரப்பு உங்களுக்கு முன்பே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கலாம், அங்குள்ள வழக்கை நீங்கள் நடத்தக் கூடாது என்று தடையும் கேட்டிருக்கலாம். வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் இருவர் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். கேவியட், அதாவது என்னையும் கேளுங்கள் என்ற முன்னறிவிப்பு மனு, போட்டு வைத்தால் உங்களைக் கேட்காமல் உத்தரவு போடுவது கடினம். அது 90 நாள் செல்லும், முடிந்ததும் புதிதாகப் போட வேண்டும். வெளிநாட்டு முகவரிக்கு சம்மன் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். இந்தியக் கோர்ட்டுக்கு என்மேல் அதிகாரம் இல்லை என்று சொல்வதற்குக்கூட நீங்கள் வக்கீல் வைத்து ஆஜராகித்தான் சொல்ல வேண்டும்.

4. காகிதங்கள்

எங்கள் நேரத்தைத் தின்றது இதுதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உத்தரவின் சான்றிட்ட நகல். மின்னஞ்சலில் வந்த பிடிஎப் போதாது. உத்தரவு போட்ட கோர்ட்டின் எழுத்தரிடம் முத்திரையிட்ட சான்றிட்ட நகல் வாங்கி, அதற்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று, வாங்க வேண்டும். சான்றிட்ட நகல் இருந்தால், அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தது என்று இந்தியக் கோர்ட் எடுத்துக்கொள்ளும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 14-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அமெரிக்காவில் அப்போஸ்டில் கொடுப்பது மாநில அரசு. கலிபோர்னியாவில் 20 டாலர். சிங்கப்பூர் 2021 முதலும் கனடா 2024 முதலும் அப்போஸ்டில் முறையில் இருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை, அங்கே இந்தியத் தூதரகச் சான்று வாங்க வேண்டும். இரண்டு செட் வாங்குங்கள். ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனால் திரும்பி வர நாளாகும்.

நோட்டீஸ் போனதற்கான சான்று. எதிர்த்தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்றால் இங்கே அதன் கனம் குறையும். அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில், இயற்கை நீதிக்கு முரணான தீர்ப்பும் வழக்கின் உள்ளே போய்ப் பார்க்காத தீர்ப்பும் கட்டுப்படுத்தாது என்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்பும் சம்மனை இந்தியா ஏற்பதில்லை. மத்திய சட்ட அமைச்சகம் வழியாகத்தான் முறையாக வர வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். எனவே அந்த வழியில் உடனே அனுப்பிவிட்டு, கூடவே மின்னஞ்சலில் அனுப்ப அந்தக் கோர்ட்டிடம் அனுமதி கேட்டு, அனுப்பியதையும் பதில் வந்ததையும் அச்செடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு அங்கே ஒரு வக்கீலை ஒருமுறை ஆஜராக்கியிருந்தால் அந்த நாளின் கோர்ட் குறிப்பு பொன்னுக்குச் சமம்.

பவர் பத்திரம். நீங்கள் வெளிநாட்டிலேயே இருந்தால், இங்கே ஓர் உறவினருக்கு பவர் கொடுக்க வேண்டும். நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் வாங்கலாம், அல்லது இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கலாம். அது கர்நாடகாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. நான் குப்பையில் போட்டுவிட்டு, கூரியர் கம்பெனியிடம் டெலிவரி விவரம் கேட்டு நான்கு முறை எழுதினேன்.

குழந்தை எங்கே வளர்ந்தது என்பதற்கான கட்டு. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், பள்ளி அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, குழந்தை மருத்துவரின் பதிவுகள், நீச்சல் வகுப்பு ரசீதுகூட. திரும்பும் டிக்கெட்டின் நகல் மிக முக்கியம், "ஆகஸ்டில் வந்துவிடுவோம்" என்ற வாட்ஸ்அப் செய்தியும் அப்படியே. நீங்கள் சம்மதித்தது விடுமுறைக்குத்தான் என்பதை இவைதான் காட்டும். நிரந்தரமாக இருக்கச் சம்மதித்தது போல நீங்களே கோபத்தில் எழுதிய செய்தி ஏதாவது இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். தம்பி ஒரு இரவு "அங்கேயே இருந்துக்கோ" என்று அனுப்பியிருந்தான். அதை எதிர்த்தரப்பு படித்தபோதுதான் நாங்கள் கேட்டோம். மின்னணு உரையாடல்களுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.

5. காவல் நிலையம்

புகார் கொடுங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பெற்ற தாயோ தகப்பனோ குழந்தையை வைத்திருந்தால் கடத்தல் வழக்கு பெரும்பாலும் நிற்காது. "பேமிலி மேட்டர்" என்று சொல்லி அனுப்புவார்கள். எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள், மனுவோடு இணைக்கலாம். குழந்தை அயல்நாட்டுக் குடிமகன் என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தையும் கேளுங்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துவர அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் விண்ணப்பம் வந்தால் தகவல் தரும் திட்டம் அமெரிக்காவில் இருக்கிறது, அதில் பதிவு செய்யுங்கள்.

அங்கே தாயின்மேல் கைது வாரண்ட் வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். விமானம் இறங்கியதும் தாயைக் கைது செய்வார்கள் என்றால் குழந்தையை அனுப்ப எந்த நீதிபதிக்கும் மனம் வராது.

6. மனுவில் எதைச் சொல்ல வேண்டும்

உங்கள் மனைவியின், அல்லது கணவரின், குற்றப்பட்டியலை எழுதாதீர்கள். எங்கள் முதல் வரைவில் 40 பக்கம் அதுதான் இருந்தது. புது வக்கீலம்மா சிவப்புப் பேனாவால் பக்கம் பக்கமாக அடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திங்கட்கிழமை காலைல அந்தப் பையன் அங்க எழுந்தா, அவனை யார் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" எங்களிடம் பதில் இல்லை. தம்பி காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவன்.

கோர்ட் கேட்பது அந்த மாதிரிக் கேள்விகளைத்தான். யார் பார்த்துக்கொள்வார்கள், வீடு எங்கே, பள்ளியில் இடம் இருக்கிறதா, மருத்துவக் காப்பீடு இருக்கிறதா. அதைவிட முக்கியமாக, குழந்தையோடு தாயும் வந்தால் அவருக்கு என்ன ஏற்பாடு. தாய் கணவரின் விசாவைச் சார்ந்த விசாவில் இருந்தவர் என்றால் அவர் எந்த விசாவில் உள்ளே வருவார், எங்கே தங்குவார், அங்கே வழக்கு நடத்தப் பணம் யார் கொடுப்பார் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். விமானச் செலவு, தனி வீட்டு வாடகை, மாதச் செலவு, அவர்மேல் போட்ட புகாரை வலியுறுத்த மாட்டேன் என்ற வாக்கு எல்லாம் பிரமாணப் பத்திரமாக. தாயைக் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

அடி, மிரட்டல் பற்றிய குற்றச்சாட்டு உங்கள்மேல் இருந்தால், கோர்ட் அதைத் தீவிரமாகப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். இந்தப் பக்கம் படிக்கும் நீங்கள் ஓடி வந்த தாயாக இருந்தால், அங்கே கொடுத்த போலீஸ் புகார், மருத்துவச் சீட்டு, தோழிக்கு அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். அங்குள்ள வழக்கிலும் ஆஜராகுங்கள். ஒளிந்துகொண்டதாகத் தெரிந்தால் அது உங்களுக்கு எதிராகவே போகும்.

7. நீதிபதி குழந்தையைப் பார்க்கும் நாள்

கொஞ்சம் விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதிகள் குழந்தையைத் தங்கள் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார்கள். சொல்லிக்கொடுத்து அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று குழந்தையிடம் வழக்கைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

எங்கள் பையன் ஜூலையில் வந்தான். ஒன்றாம் வகுப்பு அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. பள்ளியிலிருந்து நேராகக் கூட்டி வந்திருந்தார்கள். என்னிடம் இருந்த கடைசிப் படத்தில் முன் பற்கள் இரண்டும் இல்லை. இப்போது புதுப் பற்கள் முளைத்து, வாய்க்கே பெரிதாகத் தெரிந்தன. வராந்தாவில் ஒரு பெண் காவலர் பெயர் கேட்டார், சொன்னான். எந்த ஊர் என்று கேட்டார். "கொத்தில்லா", தெரியாது, என்று கன்னடத்தில் சொன்னான். போன வருடம் அவனுக்கு ஒரு கன்னட வார்த்தை தெரியாது. எங்கள் வக்கீலம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்டோபரில் மனு தள்ளுபடியானது. வீடியோ அழைப்புக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் வழி கிடைத்தது.

8. செலவு

கோர்ட் கட்டணம் ஒரு செலவே இல்லை. வக்கீல் கட்டணம்தான் எல்லாம். மனு தயாரிக்க ஒரு தொகை, வாய்தாவுக்கு ஒரு தொகை, சீனியர் வக்கீல் வைத்தால் அவர் ஒவ்வொரு முறை எழுந்து நிற்பதற்கும் தனித் தொகை. ஒத்திவைத்த நாளுக்கும் கட்டணம் உண்டா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு இங்கே மட்டும் ஏழரை லட்சம் ஆனது. தம்பியின் மூன்று விமானப் பயணங்கள் இதில் சேராது. உயர் நீதிமன்றத்தில் காணொலி வழியாகவும் வழக்கைப் பார்க்கலாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பறந்து வரத் தேவையில்லை. ஆனால் குழந்தையை அழைக்கும் நாளில் வந்துவிடுங்கள். அன்று நேரில் நிற்பதும் திரையில் தெரிவதும் ஒன்றல்ல.

9. சமரசம், மிரர் ஆர்டர்

கோர்ட் சமரசத்துக்கு அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போது நடக்கும் பேச்சுக்குக் கனம் அதிகம்.

குழந்தையை அனுப்புவதாக முடிவானால், இங்கே பதிவான நிபந்தனைகள் அப்படியே அங்குள்ள கோர்ட்டிலும் உத்தரவாக வேண்டும். அதைத்தான் மிரர் ஆர்டர் என்கிறார்கள். குழந்தை விமானம் ஏறும் முன் அது கையில் இருக்க வேண்டும். கென்யாவுக்கு ஒரு பையனை அனுப்பிய வழக்கில், 2020-இல் கொடுத்த உத்தரவையே 2021-இல் உச்ச நீதிமன்றம் திரும்பப் பெற்றது. கொடுத்த வாக்கைத் தகப்பன் மீறி, மோசடி செய்தார் என்பதுதான் காரணம். பையன் அதற்குள் நாட்டை விட்டுப் போய்விட்டான். அந்த மிரர் ஆர்டர் உண்மையில் அங்கே செல்லுபடியாகுமா என்று அந்த நாட்டு வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

10. உத்தரவு வந்த பிறகு

உங்களுக்குச் சாதகம் என்றால், அன்றே குழந்தையின் பயணக் காகிதங்களைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட் எதிர்த்தரப்பிடம் இருந்தால் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவிலேயே கேட்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே அமெரிக்கப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். வழக்கு நடக்கும்போதே அது முடிந்துபோயிருக்கலாம். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் தொல்லை இல்லை. விசாவில் வந்து அது காலாவதியாகியிருந்தால் வெளியேறும் அனுமதி வேண்டும், சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கும் எப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வேலை அது. விண்ணப்பம் இணையத்தில்தான். பள்ளியில் மாற்றுச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதகம் என்றால் உச்ச நீதிமன்றம் இருக்கிறது, அதற்கும் நாள் எண்ணித்தான் போக வேண்டும். அதுவரை குழந்தையோடு பேசும் உரிமையை விடாதீர்கள். கஸ்டடி கிடைக்காத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடம் குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும், வீடியோ அழைப்புதான் அதற்குச் சிறந்தது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். எந்த ஆப், யார் போனில், எத்தனை மணிக்கு, விட்டுப்போனால் எப்போது ஈடு செய்வது என்று எல்லாம் உத்தரவில் வர வேண்டும்.

நேரத்தை இந்திய நேரம் என்றே எழுதச் சொல்லுங்கள். எங்கள் உத்தரவில் கலிபோர்னியா மாலை 7 மணி என்று இருந்தது. கோடையில் அது இங்கே காலை 7.30. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் இங்கே 8.30 ஆகிவிட்டது, அந்நேரம் பையன் பள்ளி வேனில் இருப்பான். நேரத்தை மாற்ற ஒரு மனுப் போட்டு, அது பட்டியலுக்கு வந்து, எதிர்த்தரப்பு சரி என்று சொல்லி முடிய ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசினான்.